ரிவால்வருக்குச் சுகுமாரி வைத்த பெயர்

ரெஜிலாவுக்கு என்ன வேலை என்று பாறசாலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதி, தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள். "வீட்டுக்குள்ள இருந்து சினிமா பாக்கணும், அதுக்குச் சம்பளமும் உண்டு, யோகமாக்கும்" என்று சர்ச்சில் ஒருத்தி சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் அடுக்களையை ஒதுக்கிவிட்டுக் காதில் ஹெட்போன் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். சென்னைக் கம்பெனி அனுப்பும் வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் திரையின் அடியில் ஓடும் தமிழை எழுதுவது அவள்தான். சில மாதங்களில் மலையாளமும் அவளே. எல்லையோரத்தில் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே லாபம் அது என்பாள்.

அந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் கூடாது. திரையில் இருப்பவன் வாயை மூடுவதற்குள் படித்து முடிக்க வேண்டும். பதினாறு வருஷமாக அடுத்தவர்கள் பேச்சைச் சுருக்கிச் சுருக்கி அவளுடைய பேச்சும் சுருங்கிவிட்டது. குவைத்திலிருந்து புருஷன் அஜேஷ் கூப்பிட்டால், "ஒண்ணும் இல்ல, சுகமா இருக்கோம்" என்பதோடு அவள் பக்கத்து வசனம் முடியும். அவனும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான்.

போன வருஷம் அவளுக்கு வந்தது மாட்டுக்காரர்களின் தொடர். நூற்று நாலு பாகம். அமெரிக்காவின் மேற்கே ரோடும் கோர்ட்டும் போய்ச் சேராத காலத்துக் கதை. ஆளுக்கொரு குதிரை, இடுப்பில் ஒரு ரிவால்வர், எடுத்ததற்கெல்லாம் சூடு. வேலை சுலபம் என்றுதான் உட்கார்ந்தாள். மூன்றாவது பாகத்திலேயே தலைவலி ஆரம்பித்தது. அந்தத் தொடரில் ஒருத்தனும் துப்பாக்கியைத் துப்பாக்கி என்று சொல்லமாட்டேன் என்கிறான்.

ஒருத்தன் அதைப் பன்றித்தொடை என்பான். நீளக் குழலும் வளைந்த பிடியுமாகப் பார்க்க அறுத்துத் தொங்கவிட்ட பன்றியின் பின்னங்கால் மாதிரி இருந்ததாம். இன்னொருத்தனுக்கு அது கலப்பைப்பிடி. உழுது பழகிய கைக்கு அந்த வளைவு தெரிந்த வளைவு. ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டியிருந்ததால் விரல்முறிச்சான். அந்தக் காலத்து வெடிமருந்து ஒரு சூட்டுக்கே ஆள் முகம் தெரியாமல் புகையைக் கிளப்பும் என்பதால் புகைவண்டி. அதை அப்படியே எழுதினால் பார்க்கிறவர்கள் ரயிலைத் தேடுவார்கள் என்று விட்டுவிட்டாள். குள்ளனையும் நெட்டையனையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதால் சமமாக்கி. இதெல்லாம் போதாதென்று ஒரு ரகத்துக்குச் சமாதானக்காரன் என்று பெயர்.

கம்பெனியில் இதையெல்லாம் பார்க்கும் பெண், "எல்லாத்துக்கும் துப்பாக்கின்னு போட்டுடுங்க மேடம்" என்றாள். ரெஜிலாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு பெயரையும் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிக் குறித்துக்கொண்டாள். நாற்பது பெயருக்கு மேல் சேர்ந்தன. எல்லாம் வயலிலும் தொழுவத்திலும் அடுக்களையிலும் கிடக்கிற பெயர்கள்தான். போலீஸ் வராத எல்லைப்புறத்தில் புதுநிலம் திருத்திக்கொண்டு கிடந்த ஜனங்கள், படுக்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஒரு சாமானை அதன் சொந்தப் பெயரில் கூப்பிட அஞ்சியிருக்கிறார்கள். நம் ஆட்கள் வைசூரியை அம்மை என்றது பாசத்தாலா? அதே பயம்தான். பயந்தவர்கள்தான் செல்லப்பெயர் வைப்பார்கள் என்று நோட்டின் கடைசியில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அடிக்கோடு போடும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டு அலமாரியிலும் ஒரு ரிவால்வர் உண்டு. அதையும் அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது.

அவளுடைய அப்பா ரெத்தினதாஸ் எல்லைக் காவல் படையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ராஜஸ்தான் மணலில் பாதி, வங்காளத்துச் சதுப்பில் பாதி. வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் மீசையும் டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்குவார். ரெஜிலா அவரோடு பேசிப் பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். ஓய்வு பெற்று வந்ததும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர், ஒரு ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். நெய்யாற்றின்கரையில் ஒரு நகைக்கடை முதலாளி, சரக்கோடு போகும்போது காரில் கூட வர ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பா பதினாலு வருஷம் அந்தக் காரின் முன்சீட்டில் போனார். ஒரு நாளும் சுட வேண்டி வரவில்லை.

ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் அம்மா சுகுமாரி அதற்குப் பெயர் வைத்தாள். "முப்பத்தஞ்சு வருசம் உங்கள எல்லைக்காரன் வச்சிருந்தான். இப்போ வீட்டுக்கு வந்தாரேன்னு பாத்தா, கூட ஒரு சக்களத்தியக் கூட்டிட்டு வந்திருக்காரு!"

அன்றிலிருந்து அது சக்களத்திதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை அப்பா எண்ணெய்க் குப்பியும் பழைய முண்டுத் துணியுமாக அதைத் துடைக்க உட்கார்ந்தால், "இன்னைக்குச் சக்களத்திக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாக்கும்" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். வீடு முழுக்க அந்த எண்ணெயின் வாசம் அடிக்கும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊரார் கண்ணில் படக்கூடாது என்று அப்பா அதை ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். "சக்களத்தி அவளுக்க அம்மவீட்டுக்குப் போயாச்சு" என்று அம்மா அன்றைக்கு மீன் கொஞ்சம் கூடுதலாக வாங்குவாள். ரெஜிலாவும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்தப் பெயர் இருந்ததால்தான் அந்தச் சாமானோடு ஒரே கூரைக்குள் அவர்களால் இருக்க முடிந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு அம்மா இறந்துபோனாள். சிறுநீரகம். எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் வீட்டுக் கட்டிலிலேயே போனாள். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. நகைக்கடை வேலையை அம்மாவுக்காகத்தான் விட்டிருந்தார். அடக்கம் முடிந்து ஆட்களெல்லாம் போன பிறகு அவர் அழுவார் என்று ரெஜிலா காத்திருந்தாள். அழவில்லை. பேப்பர் படிப்பதை நிறுத்தினார். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினார். ஓடையை அடைக்கிறான் என்று பக்கத்து வீட்டு விஜயதாஸோடு தினமும் போட்ட சண்டையையும் நிறுத்திவிட்டார். விஜயதாஸே வந்து, "உனக்க அப்பாவுக்கு என்ன பிள்ளே, என்னைய ஏச மாட்டேங்காரு" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அக்டோபரில் ஒரு நாள். மழை பெய்துகொண்டிருந்தது. மணி நாலு. காப்பி எடுத்துக்கொண்டு ரெஜிலா அப்பாவின் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அம்மாவின் சர்ச் சேலை, வெள்ளையில் நீலக் கரை போட்டது, மடிப்புக் கலைத்து விரித்திருந்தது. அதன் மேல் தோட்டாக்கள் வரிசையாக நிற்க வைக்கப்பட்டிருந்தன. ஐந்து. அப்பா அவற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் மடியில் இருந்தது.

துடைக்கிறார் என்று அவள் நினைக்கப் பார்த்தாள். ஆனால் எண்ணெய்க் குப்பி இல்லை. துணி இல்லை. அறையில் அந்த வாசம் இல்லை. முதல் சனிக்கிழமையும் இல்லை, அன்று செவ்வாய்.

அவள் வாயில் வந்தது ஒன்றுதான். "அப்பா, காப்பி ஆறிப்போவும்."

"வச்சிட்டுப் போ பிள்ளே. வாறேன்" என்றார் அவர், திரும்பாமல்.

அவள் கதவோரத்து நாற்காலியில் டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவ எதுவும் இல்லாமல் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினேழு நிமிஷம் ஓடியது. நொடியை எண்ணிப் பிழைக்கிறவளுக்கு அந்தப் பதினேழு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அப்பா காலி டம்ளரோடு வந்து, "மழை விடாது போல" என்றார். அவளும் "விடாது" என்றாள்.

அலமாரிச் சாவி அவர் அரைஞாணில் கிடந்தது. எடுத்து ஆற்றில் எறியலாம் என்றால் அது லைசென்ஸ் சாமான், காணோமென்றால் அவர் பதில் சொல்ல வேண்டும். ரெஜிலா தன் மேசையை இழுத்து அவர் அறைக்கு எதிரே போட்டுக்கொண்டாள். திரையில் மாட்டுக்காரர்கள் சமாதானக்காரனை உருவி ஒருத்தரை ஒருத்தர் சுட்டுச் சாய்த்தார்கள். அவள் ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்து, மறு கண்ணால் கதவைப் பார்த்தாள். காதுக் கருவியைக் கழற்றிவிட்டு வேலை செய்யக் கற்றுக்கொண்டாள். ராத்திரிகளில் தூக்கம் போயிற்று.

அஜேஷிடம் போனில், "அப்பா அண்ணைக்கு அத எடுத்து வச்சிட்டு இருந்தாரு" என்றாள்.

"எத?"

"அதத்தான்."

"ஏட்டி, என்ன சொல்லுத நீ?" என்றான். "எலக்ஷன் வருதில்லா? ஸ்டேஷன்ல கொண்டு வைக்கச் சொல்லுவாங்க. வச்ச பிறகு திருப்பித் தராதீங்கன்னு நீ எழுதிக் குடு. தள்ளிப் போடாத, கேட்டியா."

அவன் சொன்னது போலவே நவம்பரில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா அன்று ஷேவ் செய்தார். வெள்ளைச் சட்டை போட்டார். பைபிள் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பல மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தார். ஏ.எஸ்.ஐ. ஸ்ரீஜித் எழுந்து நின்று நாற்காலி போட்டான். "சாறே, இருக்கணும்" என்று மலையாள வாடையில் சார் போட்டு உட்கார வைத்துச் சாமானை வாங்கி, நம்பரைச் சரிபார்த்து, ரசீது எழுதித் தந்தான். அப்பா ரசீதை மடித்து, காலியான பைபிள் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அதற்கடுத்த மூன்று வாரம் ரெஜிலா தூங்கினாள். காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். மேசையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். ஆனால் வாக்கு எண்ணிக்கை எப்போது என்று அப்பா தினமும் கேட்கத் தொடங்கினார். பாறசாலையில் எந்தக் கட்சி வரும் என்ற கவலை அவருக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

முடிவு வருவதற்கு நாலு நாள் முன்பு, கருவாட்டுக் கடைக்கு என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஸ்ரீஜித் பொறுமையாகக் கேட்டான். "சேச்சி, சாதனம் இங்க பத்திரமா உண்டு. பக்ஷே ரசீதோட சாறு வந்து நின்னா நான் குடுத்தாகணும். குடுக்கப்படாதுன்னா ஒரு காரணம் வேணும். உள்ள காரியத்த எழுதித் தாங்க, நான் மேல அனுப்பிடறேன். தமிழோ மலையாளமோ, எதானாலும் மதி, எழுதினா போதும்."

ஒரு வெள்ளைத்தாளைத் தந்தான். ரெஜிலா பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு மொழியில் பிழைக்கிறவள், துப்பாக்கிக்கு நாற்பது பெயரும் அதன் பூர்வீகமும் நோட்டில் வைத்திருப்பவள், முக்கால் மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ள காரியத்தை எழுதினால் அது ஃபைலாகும். ஃபைல் பேசும். சர்ச்சில் பேசுவார்கள், விஜயதாஸ் பேசுவான். முப்பத்தைந்து வருஷம் நாட்டுக்குக் காவல் நின்றவரைப் பற்றி மகளே இப்படி எழுதினாள் என்பார்கள். கடைசியில் அவள் எழுதினாள்: என் தகப்பனாருக்கு வயதாகிவிட்டது, கை நடுக்கம் இருக்கிறது, ஆகையால் மேற்படி பொருளைத் திருப்பித் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதிக் கொடுத்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. யாருக்கும் வலிக்காமல் காரியத்தை முடித்துவிட்டதாக நினைத்தாள். மண்டூகம்! படித்துவிட்டு ஸ்ரீஜித் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான், அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.

நடுக்கம் என்று எழுதினால் நடுக்கத்தைத்தானே சோதிப்பார்கள். ஒரு வாரத்தில் அப்பாவுக்கு டாக்டரிடம் போகச் சொல்லிக் காகிதம் வந்தது. லைசென்ஸ் புதுக்கிற வழக்கமான பரிசோதனை என்று அவர் எடுத்துக்கொண்டார். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், கண்ணைப் பார்த்தார். அந்தக் கைகள் ஆணியடித்தது போல நின்றன. திடகாத்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது அப்பா பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார். "எனக்க கைய டாக்டரே பாத்து அசந்துட்டாரு, கேட்டியா மக்கா?"

மறுநாள் காலை பதினொன்றுக்கு இரண்டு பேரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். அப்பா ரசீதையும் டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் மேசையில் வைத்தார். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்து இடத்தைக் காட்டினார். ஸ்ரீஜித் ரெஜிலாவை ஜன்னலோரம் கூப்பிட்டான்.

"சேச்சி நடுக்கம்னு எழுதிச்சு. டாக்டர் நடுக்கம் இல்லேன்னு எழுதியாச்சு. இனி எனக்கு வேற வழி இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேற எதும் சொல்ல உண்டோ? உண்டுன்னா இப்போ சொல்லணும்."

ரெஜிலா திரும்பிப் பார்த்தாள். பழுப்புத் துணிப்பையிலிருந்து எழுத்தர் ரிவால்வரை எடுத்து மேசைமேல் வைத்தார். தனியே ஒரு காகிதப் பொட்டலத்தில் தோட்டாக்கள். அப்பா பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, வாயை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பொதி வாங்க நிற்கிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக நின்றார்.

"குடுக்காதீங்க" என்றாள் ரெஜிலா.

எழுத்தர் நிமிர்ந்தார். அப்பாவும்தான்.

"அது துப்பாக்கி. எனக்க அப்பா அதவச்சுச் சாவப் பாத்தாரு. அக்டோபர் மாசம், செவ்வாக்கிழமை, நாலு மணிக்கு. அம்மைக்க சேலைய விரிச்சு வச்சு, அஞ்சு தோட்டா வெளிய இருந்துச்சு. வீட்டுல உள்ளது ஆறு, ஆறாவது வெளிய இல்ல. நான் பாத்தேன். கை நடுக்கம்னு நான் எழுதினது பொய்."

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. புகார் கொடுக்க வந்து பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க ரெஜிலாவுக்குத் தைரியம் இல்லை. ஊர் முன்னால் அவர் உடுப்பை உரிந்துவிட்டது போல இருந்தது.

ஸ்ரீஜித் அப்பாவிடம் போய் மெதுவாக, "சாறே..." என்று ஆரம்பித்தான்.

அப்பா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பைபிள் உறையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினார். "பிள்ளை சொன்னது உள்ளதாக்கும்" என்றார். "எழுதிக்கிடுங்க."

எழுதினார்கள். இந்தத் தடவை ஒரு சொல்லையும் சுருக்காமல் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்கள். சாதனம் ஸ்டேஷனிலேயே இருக்கும், மேலிடத்துக்கு ஃபைல் போகும், சாறை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகணும் என்று ஸ்ரீஜித் சொன்னான். கையெழுத்துப் போடும்போது ரெஜிலாவின் கை உதறியது. தாள் நழுவி நழுவிப் போயிற்று. அப்பா பக்கத்தில் வந்து, தாளின் மேல் விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வெயில் காய்ந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்பா முன்னே நடந்தார், அவள் பின்னே. அவர் இனி ஜென்மத்துக்கும் தன்னோடு பேசமாட்டார் என்று ரெஜிலா நினைத்தாள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்றும் நினைத்தாள். நிழலில் போய் நின்றார்கள். காலி பைபிள் உறை அவர் அக்குளில் இருந்தது. நெய்யாற்றின்கரை பஸ் ஒன்று வந்து நின்று போனது.

"அண்ணைக்கு நீ கதவுக்க கிட்ட வந்து நின்னது எனக்குத் தெரியும் மக்கா" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ரெஜிலா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் அப்பான்னு நீ ஒரு வாக்கு சொல்லுவியான்னு பாத்துட்டு இருந்தேன். நீ காப்பி ஆறிப்போவும்னு சொல்லிட்டுப் போன."